நல்லம்மாள் மூடிய குழி

ஆபீசர் வருகிறார் என்றால் நல்லம்மாளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: கூட்டிப் பெருக்குவது. முப்பது வருடம் மலேசியத் தோட்டமொன்றில், கூலிகளுக்கான லயத்து வரிசை வீட்டில் இருந்தவள். துரை வருகிற நாளில் கிழிந்த பாயை ஒளித்து, சாக்கடையைப் பலகை போட்டு மூடியே பழகிய கை அது.

இப்போது அந்தத் தோட்டத்தையே விற்றுவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் லயத்தைக் காலி செய்ய வேண்டும். ஈப்போவுக்கு வெளியே புருஷன் ராமையாவும் அவளும் கட்டிய வீட்டில் மிச்சம் இருந்தது ஒரு கையெழுத்து. கவுன்சில் இன்ஸ்பெக்டர் கழிவுநீர்க் குழாயைப் பார்த்து அந்தக் கையெழுத்தைப் போட்டால்தான் குடிபோகலாம். அவரோ அந்தப் பக்கம் மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். மூன்று முறை பஸ் ஏறி ஆபீசுக்குப் போய், கடைசியில் முனைக்கடை நஜ்முதீனின் டெலிபோனில் கெஞ்சி, வியாழன் பத்து மணி என்று நாள் வாங்கியிருந்தாள்.

குழாய் பதித்த கொத்தனார் சின்னையா, "ஐயா வந்து பாக்கணும், மத்ததெல்லாம் அப்புறம்" என்று சொல்லிவிட்டு, பாகான் செராயில் ஒரு சாவு என்று கிளம்பிப் போனார். எதைப் பார்க்கணும் என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

வியாழன் விடிந்ததும் நல்லம்மாள் மம்பட்டியை எடுத்தாள். வீட்டுக்குப் பின்னால் குழாய் பதித்துத் திறந்து கிடந்த இருபதடி நீளக் குழியை மண் தள்ளி மூடினாள். மிதித்து, தண்ணீர் தெளித்து, போதாதற்கு மேலே ஒரு கோலமும் போட்டாள்.

சொன்ன நேரத்துக்கு இன்ஸ்பெக்டர் சப்ரி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். "குழாய் எங்கே?" என்று மலாயில் கேட்டார். அவள் பெருமையாகக் கோலத்தைக் காட்டினாள்.

"மூடிட்டா நான் எதைப் பாக்கிறது?"

அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. "தோட்டத்துல பெரியவங்க வந்தா மூடித்தான் வைப்போம், துவான்" என்று தெரிந்த மலாயில் உளறினாள்.

சப்ரி கோலத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "நான் இன்னும் பசியாறல. முனைக்கடையில இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

நல்லம்மாள் வேலிப் பக்கம் ஓடினாள். "வீரம்மாக்கா! மம்பட்டியத் தூக்கிட்டு ஓடியாங்க லா!" பக்கத்து வீட்டு வீரம்மாவும் அதே தோட்டத்துக்காரிதான். இரண்டு பேரும் மூச்சு வாங்கத் தோண்டினார்கள். ஒரு டீயை முக்கால் மணி நேரம் குடித்த மனுஷனை அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று நஜ்முதீன் பிற்பாடு சொன்னார்.

திரும்பி வந்த சப்ரி குழிக்குள் முட்டி போட்டு உட்கார்ந்து, வாளித் தண்ணீரைக் குழாயில் ஊற்றச் சொன்னார். மூன்றாவது இணைப்பில் தண்ணீர் கசிந்தது.

"இதை அப்படியே விட்டிருந்தா ஆறு மாசத்துல வீட்டுக்குள்ள நாத்தம் அடிக்கும். பூசி வைங்க, சாயங்காலம் வாரேன்."

இரண்டு பேரும் மிச்சமிருந்த சிமெண்டைக் குழைத்து அந்த இணைப்பைப் பூசி வைத்தார்கள். சப்ரி நாலு மணிக்குச் சொன்னபடி வந்தார். மறுபடி தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். சொட்டுக்கூடக் கசியவில்லை. கையெழுத்துப் போட்டு, "இப்ப மூடலாம்" என்று சிரித்தார். அவருடைய கால்சட்டை முட்டியில் அவள் வீட்டு மண் ஒட்டியிருந்தது. நல்லம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். முப்பது வருடத்தில் எத்தனையோ பேர் பார்வையிட வந்திருக்கிறார்கள். அவளுக்காக ஒருவரும் முட்டி போட்டுப் பார்த்ததில்லை.

வேலை விட்டு வந்த ராமையா, "கையெழுத்து ஆயிருச்சுல்ல, இன்னும் ஏன் மூடாம கெடக்கு?" என்றார்.

"இருக்கட்டும்ங்க. இன்னிக்கு ஒரு நாள் எல்லாரும் பாக்கட்டும்."