மேனேஜரின் டப்பா

மேனேஜருக்கு வயிறு கெட்டு இன்றோடு மூன்று நாள். மேனேஜர் என்றால் தையல்கடையின் சாம்பல் நிறப் பூனை. வேலை ஒன்றும் செய்யாது. வெட்டுமேஜையின் நடுவில் படுத்துக்கொண்டு எல்லோரையும் முறைக்கும், அடியில் இருக்கும் துணியை இழுத்தால் கோபித்துக்கொள்ளும். வேறு என்ன பெயர் வைப்பது?

கடை ஓர் அண்ணன் தங்கையுடையது. தங்கை வெட்டுவாள், தைப்பாள். அண்ணன் இஸ்திரி போட்டு, மடித்து, பையில் வைத்துக் கொடுப்பார். இருவருக்கும் மூன்று நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்து ஹெச்.எம். மேடத்தின் கோட்டு, கை நீளத்தைக் குறைக்க வந்திருந்தது. அதன் கையிலிருந்து கழற்றி வைத்த நான்கு குட்டிப் பட்டன்களில் ஒன்றைக் காணோம். நங்கூரம் பொறித்த பட்டன். கடை கடையாக ஏறி இறங்கியும் அதே மாதிரி கிடைக்கவில்லை. கடைசியில் வெறும் பட்டன் ஒன்றைத் தைத்து வைத்தாள்.

"நீதான் தொலைச்சே" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டாள்.

"நான் தொடவே இல்லம்மா" என்றார் அவர். இருபது வருடத்தில் ஓர் ஊசியைக்கூடத் தொலைக்காத மனிதர். முகம் சுண்டிப்போயிற்று. சொன்னது தப்பு என்று அன்று மாலையே அவளுக்கு உறைத்துவிட்டது. மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வரவில்லை.

அதனால் பேச வேண்டியதெல்லாம் பூனை வழியாகப் போயிற்று.

"மேனேஜர் சார், அந்த நீலச் சட்டைக் காலரைத் தேய்க்கணும்னு உங்க ஆளுகிட்ட சொல்லுங்க."

"மேனேஜர் சார், அது தேய்ச்சு ஒரு மணி நேரமாச்சுன்னு உங்க தையல்காரம்மாகிட்ட சொல்லுங்க."

மேனேஜர் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. அதற்குத் தன் வயிறே பெரும்பாடாக இருந்தது. சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முறைப்பதையும் விட்டுவிட்டது. அதுதான் தங்கைக்குக் கிலியைக் கிளப்பியது.

காலையில் பூனை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். "பால் வேணாம். தண்ணி நிறைய வைங்க. இன்னைக்குப் போற மோஷன் கொஞ்சம், மூடி போட்ட டப்பாவில எடுத்துட்டு மத்தியானம் ஒரு மணிக்குள்ள பூனையோட வந்துடுங்க. அப்புறம் ரெண்டு நாள் நான் ஊர்ல இல்ல" என்றார் டாக்டரம்மா.

இரண்டு நாளாகக் கேட்காமலேயே வாரி வழங்கிய மேனேஜர், டப்பாவோடு ஆள் காத்திருப்பதைப் பார்த்ததும் கையை மூடிக்கொண்டது. அது வெளிக்குப் போகும் மண்தட்டின் பக்கத்தில் அவள் குந்தி உட்கார்ந்தாள். கொஞ்சினாள், கெஞ்சினாள், முதுகைத் தடவினாள். பதினொன்றரைக்கு ஒருவழியாக மேனேஜர் மனது வைத்தது. அவள் ஒரு கையால் மூக்கைப் பிடித்து, கண்ணை இறுக்க மூடி, அட்டைத் துண்டால் வழித்து டப்பாவில் போட்டு மூடினாள். உலகத்தையே ஜெயித்த மாதிரி இருந்தது. டப்பாவைக் கல்லா மேஜையில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனாள்.

மூன்று தடவை சோப்புப் போட்டுத் திரும்பி வந்தால், மேஜையில் டப்பா இல்லை.

"மேனேஜர் சார்! இங்க இருந்த டப்பா எங்கன்னு கேளுங்க!"

"மேனேஜர் சார், ஹெச்.எம். மேடம் வந்தாங்க, கோட்டோட சேர்த்துப் பையில வச்சுக் குடுத்தாச்சுன்னு சொல்லுங்க. நம்ம கடை வழக்கம் தெரியாதாமா?"

தெரியாமல் என்ன? இந்தக் கடையில் தைத்த எந்த உடுப்பும் உதிரிப் பட்டன் இல்லாமல் வெளியே போனதில்லை. சின்ன வட்ட டப்பாவில் போட்டு, உடுப்பின் பக்கத்தில் வைப்பது தங்கையின் வேலை. திறந்து பார்க்காமல் பையில் போடுவது அண்ணனின் வேலை. அவள் அவசரத்துக்கு எடுத்தது அந்த வட்ட டப்பாவில் ஒன்றைத்தான்; வைத்தது கோட்டுக்குப் பக்கத்தில். பேச்சுவார்த்தை இருந்திருந்தால் "இது என்னம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார்.

அவள் ஓடினாள். கழுத்தில் அளவு டேப், ஒரு காலில் தன் செருப்பு, மறு காலில் அண்ணன் செருப்பு. ஹெச்.எம். மேடம் சாதாரண ஆள் இல்லை. போன தடவை கடை ரசீதையே சிவப்புப் பேனாவால் திருத்தி அனுப்பியவர். அவர் அந்த மூடியைத் திறந்தால் பூனைக்கு வைத்தியமும் போச்சு, கடை மானமும் போச்சு.

பள்ளிக்கூட வாசல்காரர் "எங்கம்மா?" என்று கேட்டு முடிப்பதற்குள் அவள் மாடிக்குப் போய்விட்டாள்.

மேடம் கோட்டைப் போட்டுக்கொண்டு கையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாலாவது பட்டன்ல நங்கூரம் இல்லையேம்மா. டப்பாவில வச்சிருக்கியா?"

"மேடம், திறக்காதீங்க!"

திறந்துவிட்டார்.

வாசம் அவளையும் எட்டியது. இதோடு கடையை மூடிவிட்டு வேறு ஊருக்குப் போய்விடலாம் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

"பூனையா?" என்றார் மேடம்.

"ஆமா மேடம். வயிறு சரியில்ல. டாக்டருக்கு... அண்ணன் தெரியாம..." அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மேடம் கண்ணாடியை மாட்டினார். சிவப்புப் பேனாவை எடுத்தார். அதன் பின்பக்கத்தால் மெதுவாக ஒரு கிளறு கிளறினார். ஏதோ டங்கென்று டப்பாவில் இடித்தது.

"இதோ இருக்கே நங்கூரம்!"

இருவரும் குனிந்து பார்த்தார்கள். சந்தேகமே இல்லை. மேடத்துக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "உங்க கடையில பட்டன் தொலையவே தொலையாதுன்னு சொன்னாங்க, சரியாத்தான் இருக்கு! ஓடும்மா, டாக்டர்கிட்ட அப்படியே காட்டு. அப்புறம் கொதிக்கிற தண்ணியில போட்டுட்டு, அதையே தைச்சுக் குடு."

படியிறங்கும்போதே அவள் போனை எடுத்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததில் நம்பரே தெரியவில்லை.

"அண்ணா..."

மூன்று நாளைக்குப் பிறகு அந்த வார்த்தை.

"அண்ணா, மேனேஜரைத் தூக்கிட்டு டாக்டர் வாசலுக்கு வந்துடு. பட்டன் கிடைச்சிருச்சு. நீ தொலைக்கல. உம்மேல பழி போட்டது என் தப்பு."

அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொள்வது கேட்டது.

"மேனேஜர் சார், பரவாயில்லன்னு அவகிட்ட சொல்லுங்க" என்றார்.