கரியன் முதுகில் நீலம்

1

இந்தக் கதை ஒரு பெயின்ட் டப்பாவிலிருந்து பிறந்தது. மறைப்பானேன், முதல்லயே சொல்லிடறேன். பாலக்கோடு தக்காளி மார்க்கெட்ல எங்க மண்டிப் பெட்டி அடுத்தவன் மண்டிக்குப் போயிடக் கூடாதுன்னு ஓரத்துல நீலப் பெயின்ட் ஒரு இழுப்பு இழுத்து வெப்போம். மண்டிக்காரன் நான், பேரு மாதவராஜ். ஏலம் முடிஞ்சா கதை எழுதுவேன். ரெண்டுமே சீக்கிரம் அழுகற சரக்குதான்.

முதல் தொடக்கம்: "அந்தி மயங்கும் வேளையில் எங்கோ ஒரு நாய் ஊளையிட்டது..."

அடிச்சுட்டேன். கரியன் கடிச்சது காலைல ஏழரை மணிக்கு. ஊளையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.

2

ரெண்டாவது தொடக்கம். வெள்ளிக்கிழமை. எங்க மண்டியில தக்காளி தரம் பிரிக்கிற ரோசம்மாள் காலிப் பெட்டி எடுக்கக் குனிஞ்சாங்க. பெட்டிக்குப் பின்னாடி படுத்திருந்த மண்டி நாய் கரியன், அவங்க கெண்டைக்கால்ல கடிச்சுட்டு ஓடிட்டான். ரெண்டு பல்லு நல்லா எறங்கியிருந்துச்சு. அவங்க குழாயில காலைக் காட்டிட்டு, மஞ்சத்தூளை அப்பிக்கிட்டு, திரும்ப வேலைக்கு உக்காந்துட்டாங்க.

"ஆஸ்பத்திரிக்குப் போக்கா," ன்னுது கூட வேலை செய்யற எழிலரசி.

"எதுக்கு? அவன் முதுகுல நீலம் இருக்குதில்ல? கேம்ப்புல ஊசி போட்ட நாய்க்குத்தானே அதை வெப்பாங்க? போயி வேலையப் பாருடி."

(அடிக்குறிப்பு மாதிரி ஒண்ணு: நீலம் நெசமாவே இருந்தாலும், கடிபட்டவங்க சோப்புப் போட்டு ஓடற தண்ணியில கால் மணி நேரம் கழுவிட்டு அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். மஞ்சத்தூள் குழம்புக்கு.)

3

கதைக்குக் கெட்டவன் வேணுமேன்னு சென்னப்பன்னு ஒருத்தனை உண்டாக்கினேன். மண்டிக்காரன், பெரிய மீசை. போன மாசம் கால்நடை டாக்டருங்க மார்க்கெட் வாசல்லயே நாய்களுக்கு வெறிநோய் ஊசி போட்டாங்க. போட்ட நாய் முதுகுல நீலப் பெயின்ட் அடிச்சு விட்டாங்க. சென்னப்பனுக்கு அன்னிக்கு லோடு ஏத்தற அவசரம், நாயைக் கொண்டுபோகலை. நிறம் இல்லாத நாயை மறுநாள் வண்டியில புடிச்சுட்டுப் போறாங்கன்னு கேள்விப்பட்டான். காவல் நாய் போயிடுமேன்னு, பெட்டிக்கு அடிக்கிற பிரஷ்ஷாலயே கரியன் முதுகுல ஒரு இழுப்பு. சோலி முடிஞ்சுது.

நாய் வளக்கறவங்க பதிவு பண்ணணும், வருசா வருசம் ஊசி போட்டுச் சீட்டு வெச்சிருக்கணும்னு நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. அதை அவனும் படிச்சவன்தான். சோறு வெக்கறப்ப கரியன் "எங்க நாய்". சீட்டுக் கேட்டா "மார்க்கெட்டு நாய்ங்க சார்".

என்ன முறுக்கியும் சென்னப்பன் மீசை நிக்கலை. ஏன்னா அவன்

(இந்த வாக்கியத்தை மூணு தடவை ஆரம்பிச்சு மூணு தடவை விட்டுட்டேன்.)

4

சென்னப்பன்னு யாரும் இல்ல. பிரஷ்ஷைப் புடிச்சது நான்.

ரோசம்மா நீலத்தைச் சொன்னப்ப நான் மூணடி தள்ளி எடை பாத்துட்டிருந்தேன். மார்க்கெட்ல மானம் போயிடுமேன்னு வாயைத் தொறக்கலை. இன்னிக்கு ஞாயித்துக்கெழமை. அன்னிக்கு ஓடின கரியன் இன்னும் திரும்பலை. வெறிநோய் வெளிய தெரிஞ்சுட்டா அப்புறம் பொழைக்க வெக்க முடியாது, அது எனக்கு நல்லாவே தெரியும். அவங்க பொண்ணு கவிப்பிரியா பத்தாவது படிக்குது. அந்தப் புள்ளைக்கு அம்மாவை விட்டா வேற யாரும் இல்ல. எனக்குப் பயமா இருக்குங்க.

5

முடிவுகள்:

அ) கரியன் வாலை ஆட்டிட்டு வர்றான், எல்லாரும் சிரிக்கறாங்க. (வந்தாலும் ஊசி ஊசிதான். வெட்டு.)

ஆ) வெறிநோய் முத்தி, ரோசம்மா தண்ணி டம்ளரைப் பாத்தே பயந்து

மாட்டேன். இதை எழுத மாட்டேன்.

இ) இதுவரைக்கும் எழுத ஒண்ணரை மணி நேரம் ஆயிருக்கு. அது என் நேரம் இல்ல, அவங்க நேரம். அட மடையா! போனை எடுத்துட்டேன்.

"சொல்லுங்கண்ணா."

"ரோசம்மா, அந்த நீலம் நான் அடிச்சது. கரியனுக்கு ஊசி போடவே இல்ல."

பின்னாடி குக்கர் விசில் கேட்டுச்சு.

"பக்கம் பக்கமா எழுதறீங்க. இந்த ஒரு வார்த்தைக்கு மூணு நாளாண்ணா?"

"வண்டி எடுத்துட்டு வர்றேன். இன்னிக்கும் ஊசி போடுவாங்க."

"வாங்க. ஏன் இவ்ளோ லேட்டுன்னு நர்ஸம்மா கேட்டா, நீங்கதான் பதில் சொல்லணும்."

6

கெளம்பறேன். ஒரு ஊசியோட முடியாது, கடைசி ஊசிக்கு ஒரு மாசம் ஆகும். அதனால முடிவு என்கிட்ட இல்ல. நீங்களே ஒண்ணு எழுதிக்கங்க, ரோசம்மா பொழைக்கற மாதிரி எழுதுங்க.

இன்னொண்ணு. பாலக்கோட்டுப் பக்கம் முதுகுல நீலம் வெச்ச கறுப்பு நாயைப் பாத்தா கிட்டப் போகாதீங்க. அந்த நீலத்தை நம்பாதீங்க.