காதில்லாக் குவளைகள்

வளைகுடா நீர்ப்பரப்பு உருக்கிய ஈயம்போல் அசைவற்றுக் கிடக்க, எண்ணெய் ஆலைகளின் தீக்கொழுந்துகள் எழுகதிர்முன் வெளிறிச் சோர, புழுதி படிந்த அடுக்குமாடிகளின் சாளரந்தோறும் உழைப்பாளரின் ஈரத்துணிகள் தோரணமெனத் தொங்க, குவைத்து நாட்டு மங்காஃப் நகர் கண்விழித்த காலைப்பொழுது அது. ஆங்கோர் ஒடுங்கிய அறையில் வைரவன் தேநீர் காய்ச்சிக்கொண்டிருந்தான். அவனோடு பல்லாண்டு சுமை தூக்கிய ஓரூர்த் தோழன் பாலகுரு, அன்று ஊருக்கே போகிறான்; இனித் திரும்பான்.

அடுப்பருகே இரண்டு குவளைகள். சப்பான் நாட்டுச் சிற்றூர்க் குயவன் எவனோ வனைந்த பழம்பொருள்கள் அவை, காதெனும் பிடியில்லை, பெயர்ப்பொறிப்பில்லை, சாம்பற்பூச்சு சுவரில் வழிந்த மழைபோல் பாதியில் உறைந்திருந்தது, வனைந்தவன் கட்டைவிரல் அழுந்திய பள்ளம் ஏந்துவோன் விரலுக்கு இடந்தந்தது. அந்நாட்டுப் பொறியாளர் ஒருவர் வீடு பெயர்ந்தபோது, தம் பெட்டிகளை மாடிமாடியாய் இறக்கிய இவ்விருவருக்கும், தம் தந்தை ஏந்திய அவ்விணையைத் தலைதாழ்த்தி அளித்திருந்தார்.

அவை கைக்கு வந்த முதல்நாள் நிகழ்ந்ததைக் கேளுங்கள், கற்றறிந்தவர்களே. தேநீர் பருகிய வைரவன், தன் குவளையைக் கழுவி, அறைக்கு வெளியே படிக்கட்டோரம் கவிழ்த்துவைத்தான். அவர்கள் ஊர்த் தேநீர்க்கடையில் அவன் குலத்தார்க்குரிய குவளைகள் வேலியோரம் தனியே கிடக்கும். குடித்தவனே கழுவிக் கவிழ்த்தல் வேண்டும். கடல் கடந்தும் கை அதை மறக்கவில்லை. அக்கடைக்காரரின் மகனே பாலகுரு. அவன் முகம் கறுத்தது. எழுந்துபோய் அதை எடுத்துவந்து, தன் குவளையருகே வைத்து, எது எவனுடையதென்று அறியாதபடி இரண்டையும் இடமாற்றி இடமாற்றி வைத்தான்.

"காதில்லாத கப்பு மாப்ள. நாம என்ன பேசுனாலும் இதுக்குக் கேக்காது" என்றான்.

'மாப்ள' என்று அவன் அழைத்தது அன்றுதான் முதன்முறை. பின்னர் வெயில் தோலுரித்த நாளிலும், மணற்காற்று வானை மூடிய நாளிலும், வேலை முடிந்து குழைந்த உடலோடு இருவரும் எதிரெதிர் அமர்ந்து, கைக்கு வந்த குவளையில் பருகி, ஒருவரையொருவர் எள்ளிச் சிரித்தனர்.

இன்று, துண்டில் ஒரு குவளையைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தான் பாலகுரு. தந்தை படுக்கையில் வீழ்ந்ததால் இனிக் கடை அவனுடையது. வைரவன் கேட்கலாமா வேண்டாமா என்று நெடுநேரம் தயங்கினான், கேட்டுவிட்டான்.

"லீவுல வந்தா கடைக்கு வருவேன் மாப்ள. எதுல ஊத்துவ?"

கடையைச் சூழ்ந்த தெருவின் உறவினரும், கட்டிலில் கிடந்தும் கண் மூடாத தந்தையும் பாலகுருவின் நாவில் அமர்ந்திருந்தனர். மெல்லப் பெட்டியைத் திறந்தான், துண்டைப் பிரித்தான், குவளையை அதன் இணையருகே வைத்தான்.

"அங்க வந்தா இது தனியாப் போயிரும். இங்கயே ரெண்டா இருக்கட்டும்."

பொய்யாவது சொல்லியிருக்கலாமென வைரவன் நெஞ்சு வெதும்பியது. சொல்லாததற்காகவே அவன்மீது சினங்கொள்ளவும் இயலவில்லை. கீழே வண்டி காத்திருந்தது. தோழனின் பெட்டியை வைரவன் தானே தோளில் ஏற்றி இறக்கிக் கொடுத்தான். வண்டி திரும்பி மறையும்வரை நின்றான்.

அயல்நிலத்து உழைப்போர் பலர்க்குப் பிறந்த ஊரே ஏக்கம். வைரவனுக்கோ, அன்றுதொட்டு, அச்சிற்றறையில் கழிந்த மாலைகளே ஊராயின. திரும்பிச் செல்ல இயலாத ஊர்.