கோடு இழுத்த கிளை

சகாயத்துக்கு நீளமாக எதையும் எழுதப் பிடிக்காது. மனைவி ஆன் மேரியையே 'ஆமே' என்று சுருக்கிக் கூப்பிடுகிறவன், கம்ப்யூட்டர் கட்டளையை மட்டும் முழுசாக அடிப்பானா?

இருவருக்கும் ஒரே லேப்டாப். விருத்தாசலத்தில் பாஞ்சாலையம்மாவின் பீங்கான் பொம்மைச் சூளைக்கு, எப்போது எவ்வளவு சூடு என்று சொல்கிற புரோகிராமை இரண்டு பேருமாக எழுதுகிறார்கள். எழுதியதைச் சேமித்துவைக்கும் கிட் (git) மென்பொருளில் ஆளுக்கொரு கிளை, அதாவது ஆளுக்கொரு தனிப் பிரதி. அவனுடையது 'வேகம்', அவளுடையது 'நிதானம்'. வேகத்தில் சுட்ட பொம்மைகளெல்லாம் விரிசல் விட்டன. இன்றும் விட்டால், "வூட்டுக்குக் கெளம்புங்க தம்பி, நான் பழையபடி கண்ணால பாத்தே சுட்டுக்கறேன்" என்று பாஞ்சாலையம்மா சொல்லியாயிற்று.

"இந்த ஒரு தடவ என்னுத போடுங்களேன்," என்றாள் ஆன் மேரி.

"உன்னுத போட்டா வேகறதுக்குள்ள பொம்மைக்கே நரைச்சிரும்."

வேகத்திலிருந்து, இருவருக்கும் பொதுக் கிளையான மெயினுக்கு வந்து சின்ன வேலை ஒன்றை முடித்துவிட்டு, டீ குடிக்கப் போனான். திரும்பி வந்து `git switch -` என்று அடித்தான். கடைசியில் இருக்கும் அந்தக் கோட்டுக்கு, 'இதுக்கு முன்னாடி இருந்த கிளைக்கே போ' என்று அர்த்தம். பேரைக்கூட எழுத வேண்டாம். சோம்பேறிகளுக்கென்றே ஆண்டவர் போட்ட கோடு. திரையைப் பார்க்காமலே சூளைக்கு அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தான்.

மதிய வெயில். சூளைக் கதவின் ஓட்டை வழியே ஆரஞ்சு வெளிச்சம் கசிந்தது. கண் செருகியது. பொம்மைகளெல்லாம் எழுந்து, பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி வேப்பூர் ரோட்டில் நடந்தன. ரோடு இரண்டாகப் பிரிந்தது. அவன் ஒரு கோடு கிழித்தான். ரோடுகள் இடம் மாறிக்கொண்டன. இன்னொன்று கிழித்தான்; வெயில் நிலாவாயிற்று. பொம்மைகளுக்கு அவசரமே இல்லை...

"ஏந் தம்பி, சூடு எறும்பு மாரி ஏறுதே?"

பாஞ்சாலையம்மா. விழித்துத் திரையைப் பார்த்தான். ஓடிக்கொண்டிருந்தது நிதானம்.

"ஆமே, லேப்டாப்பத் தொட்டியா?"

"நீங்க டீக்குப் போனப்ப என் கிளைக்குப் போயி ஒரு எழுத்தத் திருத்திட்டு, மறுபடி மெயின்லயே வச்சிட்டேன். ஏன்?"

கோட்டின் மேல் தப்பில்லை. மெயினுக்கு முன்னாடி கடைசியாக இருந்த கிளை இப்போது நிதானம்தான். அங்கே இருந்தது புருஷனா பெண்டாட்டியா என்று கோடு கேட்பதில்லை.

இப்போதும் நிறுத்திவிட்டுத் தன்னுடையதை ஏற்றலாம். விரலைக் கொண்டுபோனான். ஓட்டைக்குள் பொம்மைகள், தூக்கத்தில் வெட்கப்படுவதுபோல, மெல்ல மெல்லச் சிவந்துகொண்டிருந்தன. விரலை இழுத்துக் காதைச் சொறிந்துகொண்டான்.

"மெதுவாவே ஏறட்டும்மா."

மறுநாள் கதவைத் திறந்தபோது ஒன்றுகூட விரிசல் விடவில்லை. பாஞ்சாலையம்மா ஒரு பொம்மையைச் சுண்டினாள், கணீரென்றது.

"பொழச்சிட்டீங்க தம்பி!"

"நான் தூங்கிட்டிருந்தேங்க. சுட்டது இவதான்."

ஆன் மேரி, சூடு ஆறாத பொம்மை ஒன்றை முந்தானையில் பொதிந்து அவன் கையில் வைத்தாள்.

"அடுத்த தடவையும் நல்லாத் தூங்குங்க," என்றாள்.