ஈசானிய மூலையில் ஐந்து செங்கல்

ஓய்வு பெற எனக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அதற்குள் என் முழங்கால் போகுமா, செல்போன் போகுமா என்பதுதான் கேள்வி. கட்டட அனுமதி முழுக்க ஆன்லைன் ஆகிவிட்டால் வேலை குறையும் என்றார்கள். குறைந்தது உண்மைதான், நாற்காலியில் உட்காருகிற வேலை குறைந்தது. இப்போதெல்லாம் காலையில் கண் விழிக்கும்போதே அன்றைக்குப் பார்க்க வேண்டிய மனைகளின் பட்டியல் செல்போனில் வந்து நிற்கிறது. ஒவ்வொரு மனைக்கும் போய், நான்கு மூலையையும் படம் எடுத்து, நடுவில் நின்று இன்னொரு படம் எடுத்து, அங்கிருந்தே ஏற்ற வேண்டும். நான் மனைக்குள் நிற்கிறேனா டீக்கடையில் நிற்கிறேனா என்று அதற்குத் தெரியும். குறித்த தேதியில் ஏற்றவில்லை என்றால் அந்த விண்ணப்பம் வரிசையின் வாலுக்குப் போய்விடும். திரும்பத் தலைகாட்ட ஒரு மாதம் ஆகும்.

என் பெயர் சவரியப்பன். சொந்த ஊர் ஆவூர்ப் பக்கம். நகர அலுவலகத்தில் மனை பார்த்து அறிக்கை எழுதுகிற வேலையில் முப்பது வருஷம் ஓடிவிட்டது. பழைய முறை யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. ஒரு ஃபைல் ஐந்து மேசை தாண்டுவதற்குள் வீடு கட்டுகிறவருக்கு இரண்டு ஜோடி செருப்பு தேய்ந்துவிடும். ஆனால் அன்றைக்கு மனையைப் பார்த்தது நான். இன்றைக்கு நான் எடுக்கிற படத்தை எங்கோ உட்கார்ந்து வேறொருவர் பார்க்கிறார். அவர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது.

அந்தத் திங்கட்கிழமை ஆனி முதல் தேதி. பட்டியலில் திருக்கோகர்ணத்திலும் ஒரு மனை இருந்தது. நான் போய்ச் சேரும்போது மணி பதினொன்றரை. வெயில் மண்டையைப் பிளந்தது. மனை ஓரத்தில் ஒரு பெண் குடை பிடித்து நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். இன்னொரு கையில் தண்ணீர்ச் செம்பு. பெயர் புவனேஸ்வரி என்றாள். மனை அவள் பெயரிலும் கணவர் திருப்பதி பெயரிலும் சேர்ந்து இருந்தது. கணவருக்கு அறந்தாங்கிப் பக்கம். குவைத்தில் கட்டட வேலை, கம்பி கட்டுகிறவர்.

"எப்ப வருவீங்கன்னு காலையிலேருந்து நிக்கிறேன் சார். இன்னைக்கு விட்டா ஒரு மாசம்னு மெசேஜ் வந்துச்சு."

"எனக்கும் வந்துச்சும்மா" என்றேன்.

மனை நன்றாகவே இருந்தது. கருவேல மரத்தை வேரோடு எடுத்து, செம்மண்ணைச் சமப்படுத்தி, நான்கு பக்கமும் முளைக்குச்சி அடித்திருந்தார்கள். சந்தோஷமாகச் செல்போனை எடுத்தேன். முதல் மூன்று மூலை முடிந்தது. வடகிழக்கு மூலைக்குப் போனேன். அங்கே முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. குழிக்குள் மஞ்சள் தடவிய ஐந்து செங்கல். செங்கலைச் சுற்றி நவதானியம் விரல் நீளத்துக்குப் பச்சைப் பசேல் என்று முளைத்திருந்தது. செம்பில் தண்ணீர் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"கல்லு வச்சுட்டீங்களாம்மா?"

"வைகாசி இருபத்தொண்ணு, வாஸ்து நாளு சார். அவங்களுக்கு இருவது நாளுதான் லீவு. போறதுக்குள்ள தன் கையால வச்சுட்டுப் போயிறணும்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. குழியக்கூட அவங்களேதான் வெட்டினாங்க. பிரவுசிங் சென்டர்லயும் அப்ளை ஆயிருச்சுன்னு காட்டினாங்களே."

அப்ளை ஆவது வேறு, அனுமதி வருவது வேறு என்று அவளுக்கு நான் பாடம் எடுக்கவில்லை. இந்த ஊரில் அனுமதி வந்த பிறகு கல் வைத்த மனிதரை நான் பார்த்ததே கிடையாது. முதலில் நாள் பார்த்துக் கல் வைப்பார்கள், அப்புறம் காகிதத்துக்கு அலைவார்கள். எங்கள் ஆட்கள் மட்டும் என்ன? ஃபாதர் வெளியூர் போகிறார் என்றால் முந்தின நாளே கல்லை மந்திரித்து வைத்துவிடுவோம். இதெல்லாம் எனக்கும் தெரியும், எனக்கு மேலே இருந்தவர்களுக்கும் தெரியும். நேரில் போவோம், ஐந்து செங்கலைப் பார்ப்போம், கும்பிட்டுவிட்டு வந்து 'காலி மனை' என்று எழுதுவோம். ஐந்து செங்கல் கட்டடம் ஆகாது.

போன மாதமும் அப்படி நினைத்துத்தான் அமராவதி என்ற பெண்ணின் மனையில் படம் எடுத்து ஏற்றினேன். 'பணி தொடங்கப்பட்டதா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று அழுத்தினேன். மறுநாள் படத்தில் குழியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுத் திரும்பி வந்தது. அனுமதிக்கு முன் பணி தொடங்கியதால் விண்ணப்பம் தள்ளுபடி. எனக்கு ஒரு மெமோ. அந்தப் பெண் இன்னும் அலைந்துகொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறாள்.

இதைப் புவனேஸ்வரியிடம் சொன்னேன். முகம் வெளுத்துப் போனது.

"தள்ளுபடி ஆனா என்ன சார் ஆகும்?"

"திரும்ப மொதல்லேருந்து அப்ளை பண்ணணும். ரெண்டு மூணு மாசம் ஆகும்."

"அய்யோ, தை மாசம் வாடகை வீட்டைக் காலி பண்ணணும் சார். வீட்டுக்காரங்க பத்து தடவை சொல்லிட்டாங்க. கொத்தனார் செம்மல்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சிருக்கோம். பேப்பர் கையில இல்லாம மண்வெட்டியத் தொட மாட்டேன்னுட்டாரு. இப்ப ஆரம்பிச்சாத்தான் தைக்குள்ள கூரையாவது போட முடியும்."

குழியை மட்டும் ஒதுக்கி எடுத்துப் பார்த்தேன். திரையில் ஒரு பச்சைக் கட்டம் வரும், மூலைக்குச்சி அதற்குள் விழுந்தால்தான் படம் பதியும். குச்சி விழுந்தால் குழியும் சேர்ந்து விழுந்தது. உட்கார்ந்து எடுத்தேன், முழங்கால் திட்டியது. அவள் குடையை விரித்துக் குழிமேல் கவிழ்த்து வைத்தாள்.

"இப்ப தெரியலையே சார்?"

"காலி மனையில குடை என்ன பண்ணுதுன்னு கேப்பாங்கம்மா."

இரண்டு பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"கல்லை எடுத்துட்டு, படம் எடுத்தப்புறம் திரும்ப வச்சுக்கங்கம்மா."

"மாட்டேன் சார்." சட்டென்று வந்தது பதில். "வச்ச கல்லை எடுத்தா அந்தக் குடும்பம் வெளங்காது. தெரியாத ஊர்ல இருக்காங்க. பத்தாவது மாடியில கம்பி கட்டுறாங்க."

"சரி, எடுக்க வேணாம். மண்ணைத் தள்ளி மூடிருவோம். பேப்பர் வந்ததும் தோண்டிக்கங்க. கல்லு வச்ச எடத்துலயே இருக்கும்."

அவள் குழியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் குரல் தேய்ந்துவிட்டது.

"குழி வெட்டின மனுசன் அங்கிட்டு இருக்காக. இங்கிட்டு நின்னு நான் அதுல மண்ணள்ளிப் போடவா சார்?"

 எந்தக் குழியில் பெண்டாட்டி மண் போடுவாள் என்பது எனக்கும் தெரியும், கிறிஸ்தவன் ஆனாலும் மண் ஒன்றுதான். நான் இவளை இப்படி ஒரு இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. இந்த விதியை எழுதியவர்களைத் திட்டலாம் என்றால் அவர்கள் ஒன்றும் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. குழியென்றால் அஸ்திவாரம், அஸ்திவாரமென்றால் பணி தொடங்கிவிட்டது. அவர்கள் கணக்கு நேர்தான். அதில் திருப்பதி இல்லை, முளைப்பாரி இல்லை, அவ்வளவுதான்.

"அவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுருங்களேம்மா" என்றேன்.

"வேலையில போனைத் தொட விட மாட்டாங்க சார். அங்க பத்து மணிக்கு டீக்கு விடுவாங்க. நமக்குப் பன்னெண்டரை. தெனமும் அப்ப வீடியோவுல கூப்பிடுவாங்க. நான் இங்க வந்து நின்னு கல்லைக் காட்டணும். இன்னைக்கு முளை எம்புட்டு வந்திருக்குன்னு பாக்கணும் அவங்களுக்கு." செம்பைக் கை மாற்றிக்கொண்டாள். "கேட்டா மூட விட மாட்டாங்க. கேக்காம மூடுனா மன்னிக்க மாட்டாங்க."

மணி பன்னிரண்டு. அறந்தாங்கிச் சாலைப் பக்கம் எனக்கு இன்னும் ஒரு மனை பாக்கி. உடம்பெல்லாம் வேர்த்து, வீட்டுக்குப் போய் என் மனைவி ரீட்டா கையால் ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுப் படுத்துவிட்டால் போதும் என்று இருந்தது. "நான் வேணா மூடட்டுமா? ஏதாவது தோஷம்னா என் தலையோட போகட்டும்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவள் தலையை ஆட்டினாள். செம்பைக் கீழே வைத்தாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குழி ஓரத்தில் உட்கார்ந்தாள். "தாயே பிரகதாம்பா, நீ பாத்துக்க" என்றாள். பிறகு கையாலேயே மண்ணைத் தள்ளினாள். அள்ளிப் போடவில்லை. ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சரிய விட்டாள். முளையெல்லாம் சாய்ந்து உள்ளே போயிற்று. செங்கல் ஒவ்வொன்றாக மறைந்தது. நான் திரும்பி நின்றுகொள்ளவில்லை. ஐந்தும் மறைகிற வரைக்கும் பார்த்தேன். அவள் அழுதுகொண்டே மண்ணை நிரவினாள், மூக்கை உறிஞ்சினாள், நிரவினாள். சாமந்திப் பூ ஒன்று மேலே கிடந்தது. அதை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

படம் எடுக்கப் போனால், 'நீங்கள் மனைக்கு வெளியே நிற்கிறீர்கள்' என்றது செல்போன். மனைக்கு நட்டநடுவில் நிற்கிறேன்! நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம். இரண்டடி தள்ளி நின்றேன், அணைத்துப் போட்டேன், வானத்தைப் பார்த்துக் காட்டினேன். மூன்றாவது தடவை ஒப்புக்கொண்டது. மூலை பதிந்தது, நடு பதிந்தது. 'பணி தொடங்கப்பட்டதா?' என்று கேட்டது. 'இல்லை' என்று அழுத்தினேன். வட்டம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் 'அறிக்கை ஏற்கப்பட்டது' என்று வந்தது.

"ஏத்தாச்சும்மா. ஒரு வாரத்துல வந்துரும்."

அவள் சரி என்று தலையாட்டினாள். சந்தோஷப்படவில்லை. நான் ஹெல்மெட்டை எடுத்து மாட்டப் போகும்போது அவள் செல்போன் அடித்தது. எடுக்கவில்லை. நின்றது. உடனே மறுபடி அடித்தது. எடுத்தாள். மண் ஒட்டிய விரலால் திரையைத் தொட்டாள்.

"என்ன புவனா, போனை எடுக்க இம்புட்டு நேரம்? மனைக்குத்தான வந்திருக்க? காட்டு, காட்டு."

 அவள் போனைத் திருப்பவில்லை.

"ஏன் அழுகுற? என்னாச்சு? ஏய், கல்லுக்கு என்னாச்சு?"

அவள் என்னைப் பார்த்தாள். இந்த வேலையில் எத்தனையோ பேர் என்னைப் பார்த்திருக்கிறார்கள், கோபமாக, கெஞ்சலாக. இது வேறு. நான் போய் அவள் கையிலிருந்து போனை வாங்கினேன். திரையில் மஞ்சள் ஹெல்மெட், தூசி படிந்த முகம், கையில் பேப்பர் கப். பின்னால் கான்கிரீட் தூண்கள் வரிசையாக நின்றன.

"தம்பி, நான் நகர அலுவலகத்துலேருந்து வந்திருக்கேன். சவரியப்பன். கல்லை மூடச் சொன்னது நான்தான். படத்துல தெரிஞ்சா ஒங்க விண்ணப்பத்தைத் தள்ளிருவாங்க. ஒங்க வீட்டம்மா மேல எந்தத் தப்பும் இல்லை."

 அவர் டீயைக் குடிக்கவில்லை. திட்டினால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன்.

"முளை போச்சா சார்?"

"போச்சு தம்பி."

"கல்லு?"

"கல்லு வச்ச எடத்துலயே இருக்கு. அஞ்சும். ஒண்ணைக்கூட அசைக்கலை."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நேர்லயா சார்?"

"நேர்லதான் தம்பி. இதோ, நான் நிக்கிற எடத்துலேருந்து நாலடி."

 அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். நெற்றியில் அதன் பட்டைத் தடம் பதிந்திருந்தது.

"அந்த எடத்தைக் கொஞ்சம் காட்டுங்க சார்."

"மண்ணுதான் தம்பி இருக்கு."

"பரவால்ல சார். காட்டுங்க."

போனைத் திருப்பி ஈசானிய மூலைக்கு நேராகப் பிடித்தேன். வெறும் செம்மண். அதில் புவனேஸ்வரியின் கைத்தடம் இருந்தது. முழங்கால் வலித்தது, கை கடுத்தது. அவள் கிட்டே வந்து குடையை என் தலைக்கு மேலே பிடித்தாள். நான் கையை இறக்கவில்லை. அங்கே விசில் ஊதி ஆட்களைக் கூப்பிடுகிற வரைக்கும் அவர் அந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.