ஆறு காலைகளின் நகல்

“எல்லாருக்கும் சொந்தமான குடை தொலைஞ்சு போனா, அதை யாருப்பா தேடணும்?” என்று மகன் ஐந்து வயதில் ஒருமுறை கேட்டான். வீட்டில் ஒரே குடை இருந்த காலம் அது. அப்பா சிரித்து மழுப்பிவிட்டார். கட்டட வரைபட அலுவலகத்தில் அவருக்கு வாய்த்ததும் அப்படியொரு பொதுச் சொத்துதான். பதினான்கு பேர் பங்குபோட்டுக்கொள்ளும் ஒரே கணினிச் சர்வரைக் கட்டி மேய்க்கும் வேலை. அங்கே அவரைச் சர்வர்காரர் என்றே சொல்வார்கள்.

யார் மேசையிலும் தனிக் கணினி கிடையாது. திரையும் விசைப்பலகையும் மட்டும்தான். உள்ளறையில் இருக்கும் அந்த ஒற்றை இயந்திரத்துக்குள் அவரவர் பெயரில் நுழைந்துதான் வரைய வேண்டும். இனி அவரவர் படத்தை அவரவர் மட்டுமே திருத்தலாம் என்று மேலாளர் உத்தரவு போட்டிருந்தார். அன்று காலை ஒன்பது மணிக்குச் சர்வர்காரர் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ஒன்பதேகாலுக்குத் தொலைபேசி அலறத் தொடங்கியது.

“சார், என் படத்தை என்னாலயே சேமிக்க முடியல.”

“எனக்கும் அதே கதைதான். நாலு மணிக்குப் படம் போயாகணும். உங்க கைவரிசையைக் காட்ட இன்னைக்குத்தானா நாள் கிடைச்சுது?”

எல்லோரையும் வெளியேறி மறுபடி நுழையச் சொன்னார். பயனில்லை. இயந்திரத்தை நிறுத்திக் கிளப்பினார். அரைமணி நேரம் போனதுதான் மிச்சம். பல்லைக் கடித்துக்கொண்டு படங்களின் பட்டியலைத் திறந்தார். உரிமையாளர் என்ற பத்தியில் மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர். ஜன்னலோரம் உட்கார்ந்து வரையும், எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் ஒப்பந்த ஊழியரின் பெயர்.

விடுவிடுவென்று அக்காவின் மேசைக்குப் போனார்.

“எண்ணூத்திப் பத்து படமும் உங்க பேர்ல இருக்கு. யாரு உங்களை இதைத் தொடச் சொன்னது?”

“எப்பவோ நகல் எடுத்தேன் சார். எடுத்தவங்க பேருக்கு மாறிடும்னு எனக்குத் தெரியாது.”

“எதுக்கு எடுத்தீங்க?”

“அப்போ ஒரு அவசரம்.”

“தெரியலன்னா சும்மா இருக்கணும்ல? காலையில இருந்து என் உயிர் போகுது.”

பக்கத்து இருக்கைக்காரர் தலையைத் தூக்கினார். “மெதுவா சார். இந்தச் சூட்டுக்குச் சர்வரே நின்னுடப் போகுது.”

அதற்குள் மேலாளர் கூப்பிட்டுவிட்டார்.

“கம்பெனி படம் மொத்தமும் அந்தம்மா பேருக்கு எப்படிப் போச்சு? வேற இடத்துக்குத் தூக்கிட்டுப் போற யோசனையா? இந்த மாசத்தோட அவங்க ஒப்பந்தம் முடியுது. என்ன நடந்ததுன்னு மூணு மணிக்குள்ள எழுதிக் கொடுங்க. அதைப் பாத்துட்டுத்தான் நீட்டிக்கிறதா வேண்டாமான்னு சொல்வேன்.”

சர்வர்காரர் எரிச்சலோடு உள்ளறைக்கு வந்து சர்வரின் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். நகல்கள் ஆறு நாட்களில் எடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு நாளும் காலை ஏழு பத்துக்குத் தொடங்கி, அலுவலகம் திறப்பதற்குச் சற்று முன்பு முடிந்திருந்தது. தேதிகளைப் பார்த்ததும் அவர் கை நின்றது. மகன் காய்ச்சலில் நினைவு தப்பி மருத்துவமனையில் கிடந்த வாரம் அது.

அதற்கு முந்தைய நாளின் பதிவையும் திறந்தார். சர்வரின் புதிய சேமிப்பு வட்டுக்குப் படங்களை மாற்றியவர் அவரேதான். பாதி மனம் மருத்துவமனையில் இருந்த வேளை. மாற்றிய படங்களை உரியவர்கள் பெயருக்குத் திருப்பாமல், எல்லாவற்றையும் நிர்வாகி பெயரிலேயே விட்டுவிட்டு ஓடியிருந்தார். நிர்வாகி பெயரில் உள்ள படத்தில் வேறு யாரும் கைவைக்க முடியாது; மறுநாள் ஒருவராலும் ஒரு கோடுகூடச் சேமிக்க முடிந்திருக்காது. ஊழியர் எடுத்த நகலையோ அப்போது எல்லோரும் திருத்தலாம். பதினான்கு பேரின் பிழைப்பையும் அக்கா ஒவ்வொரு படமாக நகலெடுத்து ஓட்டியிருக்கிறார்.

அந்த வாரம் அக்கா ஒருமுறை தொலைபேசியில் பேசியது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. “பையன் எப்படி சார் இருக்கான்? இங்க ஒண்ணும் பிரச்சினை இல்ல. நீங்க அவனைப் பாருங்க.”

நாம் படுக்கையருகே கைகூப்பி நிற்கும்போது கடவுள் யார் யாரையெல்லாம் வேலைக்கு அனுப்புகிறார் என்பது நமக்கு உடனே தெரிவதில்லை. காலையில் தான் கத்திய கத்தல் சர்வர்காரரின் காதில் கேட்டது.

ஒரு மணிக்கு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். வட்டு மாற்றுவதற்கு முந்தைய காப்புப் பிரதியில் உண்மையான உரிமையாளர்களின் பெயர்கள் இருந்தன. முதலில் ஒரு படத்தை மாற்றிச் சோதித்தார். மாற்றம் நிலைத்தது. பிறகு மற்றவற்றையும் வரைந்தவர்கள் பெயருக்கே திருப்பினார்.

அடுத்து அறிக்கை. தொழில்நுட்பக் கோளாறு என்று தொடங்கினார். யாருக்கும் சேதமில்லாத சொல். மேலாளரும் பெருமூச்சு விட்டு ஏற்றுக்கொள்வார். ஆனால் அக்கா பெயர் மேல் விழுந்த சந்தேகம் அப்படியே தங்கிவிடும். வரியை அழித்தார். “வட்டு மாற்றிய அன்று நான் வேலையை முடிக்காமல் போனேன். படங்கள் முடங்கியது என் கவனக்குறைவால். ஆறு நாள் இந்த அலுவலகம் நிற்காமல் நடந்தது ஜன்னலோர மேசையில் இருப்பவரால்.” கீழே தன் பெயரைப் போட்டு அனுப்பினார்.

கால் மணியில் பதில் வந்தது. அக்காவின் ஒப்பந்தம் ஓராண்டு நீளும். சர்வர்காரருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், பணிப்பதிவில் சேரும்.

ஒருமுறை படித்தார். திரையை மூடிவிட்டு, எல்லோரும் திரும்பி வந்து விசாரிப்பதற்குள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் படியிறங்கினார்.