கழுத்தும் ஒரு முறம் புளியும்

அச்சம் என்பது அறியாமைக்கு இன்னொரு பெயர். அறிவுள்ளவன் கழுத்தை யார் பிடித்துத் திருகினாலும் அவனுக்கு அச்சம் வராது. இந்த உண்மையை உலகத்துக்கு முதலில் அறிவித்தவன் நான். அறிவித்த இடம், தாம்பரத்தில் எங்கள் கல்லூரி விடுதியின் சாப்பாட்டு அறை. ஆண்டு 1969.

அன்று என் அறை நண்பன் வில்பிரட், ஹாக்கியில் பிடித்துக்கொண்ட இடுப்பை மாடம்பாக்கத்து எலும்பு வைத்தியர் முனிரத்தினத்திடம் காட்டிவிட்டுத் திரும்பியிருந்தான். அங்கே காத்திருக்கிறவர்களிடம் வைத்தியரின் மனைவி தாயாரம்மாள் ஆளுக்கு ஒரு முறம் புளியைக் கொடுத்து, கொட்டை எடுக்கச் சொல்கிறாளாம். இவனும் எடுத்தானாம்.

"பயமே தெரியலடா மச்சான்" என்றான்.

பட்டப்படிப்பு படிக்கிற ஒருவன் பயத்தில் புளியங்கொட்டை பொறுக்கியதைப் பற்றி நான் இருபது நிமிடம் பேசினேன். ரசம் ஆறிப்போகும்வரை கைதட்டினார்கள்.

பத்து நாள் கழித்து, பொருளாதாரப் புத்தகத்தின் மேல் தலை வைத்துத் தூங்கி எழுந்தேன். கழுத்து இடப்பக்கம் திரும்பியது திரும்பியபடியே நின்றுவிட்டது.

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நான்காம் நாள் பல்கலைக்கழகத் தேர்வு. துளசிங்கமாகிய எனக்கு, நம்பர் வரிசைப்படி, இடப்பக்கத்தில் உட்காருகிறவன் சுவிசேஷமுத்து. அதே பொருளாதாரத்தில் இரண்டு முறை தவறியவன். மூன்று மணி நேரமும் அவன் விடைத்தாளையே நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். காப்பி அடித்தான் என்ற பழியோடு, இவனைப் பார்த்தா அடித்தான் என்ற பழியும் சேரும்.

ஹால் மேற்பார்வைக்கு வரும் ஜெபராஜ் சாரிடம் முறையிட்டேன்.

"தம்பி, உன் கழுத்தை நான் நம்புறேன். யுனிவர்சிட்டிலேர்ந்து வர்றவர் நம்பணுமே? பேப்பரைப் பிடுங்கிட்டு மூணு வருஷம் எழுத விடாமப் பண்ணிடுவாங்க. சரி பண்ணிட்டு வா."

டாக்டர் மாத்திரை கொடுத்துப் பத்து நாள் படுத்திருக்கச் சொன்னார். தேர்வைப் பத்து நாள் தள்ளிவைக்கிற மாத்திரை அவரிடம் இல்லை.

வில்பிரட் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து மாடம்பாக்கம் போனேன். போகும்போது சாலையின் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தேன். கொட்டகையில் பத்துப் பேர், பத்து முறம். தாயாரம்மாள் பதினோராவதை நீட்டினாள்.

"சும்மாதான குந்திகினு கீற தம்பி? இத்த கொஞ்சம் பாரேன்."

"நான் வைத்தியத்துக்கு வந்தேம்மா. வேலைக்கு வரல."

"சர்தான் தொர" என்று போய்விட்டாள்.

சும்மா உட்கார்ந்திருந்தவனுக்குக் காது மட்டும் வேலை செய்தது. உள்ளே 'மடக்' என்று ஒரு சத்தம். பிறகு "ஐயோ." பிறகு ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமே இல்லாததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கழுத்தில் ஏழு எலும்புகள் என்று அன்று காலையில்தான் வில்பிரட்டின் விலங்கியல் புத்தகத்தில் படித்திருந்தேன். படிக்காமல் இருந்திருந்தால் ஒன்றைப் பற்றித்தான் கவலைப்பட்டிருப்பேன்.

என் முறை வந்தது. முனிரத்தினத்தின் விரல்கள் விளக்கெண்ணெய் வாசனையோடு கழுத்தில் ஊர்ந்தன.

"எத்தனை டிகிரி திருப்புவீங்க?" என்றேன்.

"லூசா வுடு சார்."

"லூசாத்தான் இருக்கேன்."

"இதுவா லூசு? தண்டவாளம் கணக்கா கீது. இப்பத் திருப்புனா உனுக்கும் பேஜாரு, எனுக்கும் பேஜாரு. நாளிக்கி வா."

திரும்பும்போது சாலையின் மறுபக்கத்தைப் பார்த்தேன்.

அறைக்கு வந்து லூசாக இருக்கப் பயிற்சி செய்தேன். 'தளர்ந்து இரு' என்று கழுத்துக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் உத்தரவு போட்டேன். ஒவ்வொரு உத்தரவுக்கும் தோள் ஓர் அங்குலம் மேலே ஏறியது. அறிவால் ஆகாத காரியம் ஒன்று உலகத்தில் இருப்பதே எரிச்சலாக இருந்தது. அது என் கழுத்திலேயே இருந்தது அதைவிட எரிச்சல்.

இரண்டாம் நாளும் முறத்தை மறுத்தேன்.

"நேத்திக்கி மேல வெறப்பா கீதே இன்னிக்கி!" என்றார் முனிரத்தினம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வைத்தியம் பார்க்கிறது உங்க வேலையா, என் வேலையா?"

"கய்த்து உன்துதான சார்?" என்றார், கொஞ்சம்கூடக் கோபமில்லாமல். அவருக்காவது கோபம் வந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எனக்குப் பின்னால் உள்ளே போன லாரி டிரைவர் ஐந்து நிமிடத்தில் பீடி பற்றவைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"அந்த முறத்தை வாங்கித் தொலையேண்டா" என்றான் வில்பிரட்.

"மாட்டேன். கொள்கைடா."

"ஹால்ல அதையே எழுது. மார்க் போடுவாங்க."

மூன்றாம் நாள். விடிந்தால் தேர்வு. வில்பிரட் தன் பாடத்தைப் படிக்க வேப்பமரத்தடிக்குப் போய்விட்டான். தாயாரம்மாள் இந்த முறை என்னிடம் கேட்கக்கூட இல்லை. நேராகத் தாண்டிப் போய், என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்த கிளியம்மாள் என்ற முழங்கால் வலிக்காரியிடம் முறத்தைக் கொடுத்தாள். இரண்டு நாள் மறுத்தவனுக்கு, மூன்றாம் நாள் கேட்கப்படாதது ஏனோ சுருக்கென்றது.

கிளியம்மாளை உள்ளே கூப்பிட்டார்கள். பாதி முடிந்த முறம் அங்கேயே கிடந்தது. என்னால் பார்க்க முடிந்த ஒரே திசை அதுதான். உள்ளே 'மடக்' என்றது. நாளைக்கு இந்த நேரம் சுவிசேஷமுத்துவின் விடைத்தாள்.

வேப்பமரத்தடியை நோக்கித் திரும்ப முடியாததால், உடம்பையே மெதுவாகத் திருப்பிப் பார்த்தேன். வில்பிரட் புத்தகத்தில் இருந்தான்.

முறத்தை இழுத்துக்கொண்டேன்.

முதல் கொட்டை வழுக்கியது. நகத்தை உள்ளே கொடுத்து நெம்பினால் வந்துவிடுகிறது. நாரை அடியில் பிடித்து இழுத்தால் அறாமல் நீளமாக வருகிறது. அறாமல் எத்தனை வருகிறது பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். ஏழு வந்தது. எட்டாவது அறுந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். உள்ளே என்னென்ன சத்தம் கேட்டதோ, தெரியாது.

"நார வுட்ட பாரு, அங்க" என்றாள் தாயாரம்மாள், எப்போது வந்து நின்றாளோ. எடுத்துப் போட்டேன். அவள் என் தோளை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தாள். பிறகு உள்ளே குரல் கொடுத்தாள்.

"யோவ், தொரைய இப்பக் கூப்டலாம்!"

"இருங்கம்மா" என்றேன், தலை நிமிராமல். "இன்னும் ஒரு பிடிதான் பாக்கி."